கையுறைக் கைப்பிடி

8 நவம்பர் 2010, திங்கள்

இன்றும் ஒரு கார்கூடச் செய்யவில்லை. இது பதினோராவது வேலைநாள். பாகங்கள் அனுப்புகிறவர்கள் எங்களை நம்புவதை விட்டுவிட்டார்கள். ஹெல்மர் கார்த் தொழிற்சாலையில் மூவாயிரம் பேர் காலை ஏழு மணிக்கு அட்டையை உரசி உள்ளே போய், மாலை நாலு மணிக்கு உரசி வெளியே வருகிறோம்.

ஒன்பது மணிக்குக் கோப்பி. கதவுப் பிரிவில் நாங்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் வட்டமாக இருந்து கறுவாப்பட்டை தூவிய இனிப்பு பணிஸ் தின்றோம். தொழிற்சாலை சாகிறது என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. குளிர்கால ரயர் மாற்றியாயிற்றா என்பதைப் பற்றி அரை மணி நேரம் கதைத்தார்கள்.

எதிரில் லெனார்ட். எங்கள் பிரிவின் தலைவன். "பணிஸ் இண்டைக்கு நல்லாயிருக்கு" என்றான். (லெனார்ட் சுவீடன் மொழியில்தான் பேசுவான். என் குறிப்புப் புத்தகத்தில் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறான். அவனுக்கு அது தெரியாது.) இருபது வருடத்தில் அவன் என்னிடம் சொன்னவற்றில் பாதி பணிஸைப் பற்றியது.

அவன் தலைக்கு மேலே சுவரில் அந்தப் படம். பனி மூடிய கார், தடித்த கம்பளிக் கையுறை போட்ட ஒரு கை, கதவின் அகலமான கைப்பிடி. "மைனஸ் முப்பத்தெட்டுப் பாகைக் குளிரிலும் திறக்கும்." கீழே சிறிய எழுத்தில்: வடிவமைப்பு, லெனார்ட் ஓகேசன்.

அந்தக் கைப்பிடியை வரைந்தவன் நான்.

இதை இந்தப் புத்தகத்தில் எத்தனையாவது தடவை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

11 நவம்பர், வியாழன்

எங்கள் லிண்டோஸ் நகரப் பத்திரிகையில் ஹெல்மரின் வரலாறு அரைப்பக்கம் வந்திருக்கிறது. முழுக்கப் பிழை. எழுதிய பெடியனுக்கு வண்டில் எது, கார் எது என்று தெரியாது. சரியானதை நான் எழுதி வைக்கிறேன்.

ஹெல்மர் சகோதரர்கள் படகு எஞ்சின் செய்தவர்கள். 1952இல் ஊர் மிருக வைத்தியர் வந்து, பனிக்காலத்தில் பண்ணைகளுக்குப் போக ஒரு காரும் உதவவில்லை என்று திட்டினார். அவருக்காக ஒரு கார் செய்தார்கள். படகு மட்டுமே தெரிந்தவர்கள் என்பதால் அது கவிழ்த்த படகு போலவே இருந்தது. மற்ற மிருக வைத்தியர்கள் கேட்டார்கள். பிறகு மருத்துவச்சிகள், பாதிரிமார், பிறகு பல் வைத்தியர்கள், கட்டடக்கலைப் பேராசிரியர்கள். எழுபதுகளில் ஒரு ஹெல்மருக்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அது பணக்காரனின் கார் அல்ல. அடுத்த வீட்டுக்காரனைவிடத் தான் புத்திசாலி என்று நினைப்பவனின் கார்.

அதில் சுடுதண்ணீர்ப் போத்தல் கொழுவ ஒரு கொளுக்கி இருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிகிற மாதிரி இரண்டாவது வேகமானி இருந்தது. கணவன் எவ்வளவு வேகம் ஓடுகிறான் என்பது மனைவிக்குத் தெரியவேண்டும் என்று மூத்த ஹெல்மர் நினைத்தாராம். உலகத்தில் வேறு எந்த மடையன் இப்படிக் கார் செய்வான்? அதனால்தான் சனம் அதைக் காதலித்தது.

தொண்ணூற்றொன்றில் அமெரிக்கர்கள் வாங்கினார்கள். முதலில் கொளுக்கியை எடுத்தார்கள். நாலாயிரம் பேர் கொளுக்கிக்காகக் கையால் கடிதம் எழுதினார்கள். அமெரிக்கர்களுக்குச் சிரிப்பு. பிறகு இரண்டாவது வேகமானியை எடுத்தார்கள். பிறகு வேறொரு நாட்டில் செய்த வேறொரு காரைக் கொண்டுவந்து, மூக்கில் எங்கள் சின்னத்தைக் குத்தி, இதுதான் புது ஹெல்மர் என்றார்கள். பல் வைத்தியர்கள் முட்டாள்கள் அல்லர். வாங்கவில்லை. அமெரிக்கர்கள் எங்களை ஒரு முதலீட்டுக்காரனிடம் தள்ளிவிட்டார்கள். அவன் இரண்டு தடவை வந்தான், இரண்டு தடவையும் ஓட்டப்பந்தயச் சப்பாத்தோடு.

கைப்பிடியை மட்டும் ஒருவராலும் எடுக்க முடியவில்லை. அதை எடுத்தால் வடக்கில் ஒரு காரும் விற்காது.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்த நான், எண்பத்தாறில் அகதியாக வந்தவன், எண்பத்தொன்பதில் இங்கே வர்ணம் அடிக்கிற பகுதியில் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்துத்தான் என் பட்டத்தை நம்பிக் கதவுப் பிரிவுக்கு எடுத்தார்கள். குளிரில் பிறந்தவர்கள் கதவு உறைந்தால் மூன்று தரம் இழுத்து ஒரு தரம் திட்டிவிட்டுப் பழகிப்போவார்கள். நான் பழகவில்லை. ஏன் உறைகிறது என்று யோசித்தேன். உருகிய நீர் உள்ளே தங்குகிறது. உள் தண்டைச் சற்றே வளைத்துவிட்டால் நீர் வழிந்துவிடும். அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எனக்குப் பதினான்கு மாதம் எடுத்தது.

தொண்ணூற்று நாலில் காப்புரிமைக்குப் பதிந்தபோது பெயர் லெனார்டுடையது. அந்த ஆண்டு என் குடியுரிமை விண்ணப்பம் கிடப்பில் இருந்தது. என் மனைவி பவளம் கர்ப்பம். வடக்கே சோதனைக் கார் ஒன்றில் ஒரு தொல்லை. அவையெல்லாம் வேறு விஷயம்.

14 நவம்பர், ஞாயிறு

பவளத்தின் தம்பி நந்தகோபன் ஸ்டொக்ஹோமிலிருந்து வந்தான், தன் ஜப்பான் காரில். வாசல் படலைக்கு முன்னால் நிறுத்தினான்.

"அதைப் பின்னுக்குக் கொண்டுபோய் விடும்," என்றேன்.

"ஏன் அத்தான்?"

"இது ஹெல்மர்ச் சனம் இருக்கிற தெரு." தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஹெல்மர் வைத்திருப்பவர்களுக்கு வாசலருகே தரிப்பிடம், மற்றவர்களுக்கு ரயில் பாதைக்கு அப்பால்.

"இப்ப தரிப்பிடம் முழுக்க வெறுமையாத்தானே கிடக்கும்," என்றான். புட்டுச் சாப்பிட இருந்ததும் மறுபடி தொடங்கினான். "அத்தான், உங்கட கொம்பனி செத்துப்போச்சு எண்டு கேள்விப்பட்டன். செத்தவீட்டுக்குத்தான் வந்தனான்."

"இன்னும் சாகேல்லை."

"சரி, சேடம் இழுக்குது எண்டு சொல்லுங்கோவன்."

பவளம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"தொண்ணூற்றெட்டிலை ஜெர்மன்காரன் உங்களைக் கூப்பிட்டவன் எல்லே? ஏன் போகேல்லை?"

"கதவு வேலை இஞ்சதான் நல்லது."

"கதவு எங்கையும் கதவுதான் அத்தான்."

அவனுக்கு என்ன தெரியும்? என் கைப்பிடி இங்கே இருந்தது. அதில் என் பெயர் ஏறும்வரை நகரக்கூடாது என்று இருந்தேன். என்றாவது லெனார்ட் தானாக வந்து சொல்லவேண்டும் என்று இருந்தேன். கேட்டு வாங்குவது மரியாதையா?

19 நவம்பர், வெள்ளி

பாகங்கள் வரவில்லை. பனி வந்தது.

26 நவம்பர், வெள்ளி

முடிந்தது. பத்து மணிக்கு உணவுச்சாலையில் ஒரு பெண் ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தாகிவிட்டது. "வங்குரோத்து" என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு தரம்தான் உடைந்தது. மூவாயிரம் பேர் எழும்பி, கதிரைகளை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளிவிட்டு வெளியேறினோம். கதிரையை உள்ளே தள்ளினார்கள்! ஒரு கதிரையையாவது தூக்கி எறிய ஒரு மனிதன் இல்லை. நானும் தள்ளிவிட்டுத்தான் வந்தேன். அதுதான் அதிக எரிச்சல்.

இந்த நாட்டில் ஒரு வழக்கம். பிறந்தநாள் என்றால் பிறந்தவன்தான் கேக் கொண்டுவரவேண்டும். வேலையை விட்டுப் போனால் போகிறவன்தான் கொண்டுவரவேண்டும். இன்றைக்கு எல்லோரும் போகிறவர்கள். பின்னேரம் இரண்டரைக்கு எங்கள் பிரிவின் மேசையில் ஒன்பது கேக். ஒன்பது பேருக்கு ஒன்பது கேக்! நகரத்துப் பேக்கரிகளில் கேக் முடிந்து, மூன்று பேர் பக்கத்து ஊருக்குப் போய் வாங்கி வந்தார்களாம்.

என்னுடையதும் ஒன்று. பச்சை நிறம். பவளம் காலையிலேயே வாங்கித் தந்துவிட்டாள். எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

லெனார்ட் ஒவ்வொரு கேக்கிலும் ஒவ்வொரு துண்டு வெட்டித் தின்றான். ஒன்பது துண்டு. ஒருவரையும் மனம் நோகச் செய்யக்கூடாதாம். என்னுடையதைத் தின்னும்போது, "நல்லாயிருக்கு குகா" என்றான். அந்தக் கேக்கை அவன் முகத்தில் அப்பியிருக்க வேண்டும்.

1 டிசம்பர், புதன்

காலையில் பனி அள்ளினேன். முழங்கால் வரை. அள்ளி முடிய இன்னொரு தரம் பெய்தது.

தபாலில் ஒரு கடிதம். கோத்தன்பர்க்கில் ஒரு பூட்டுக் கொம்பனி. கைப்பிடியின் உரிமையைத் திவால் நிர்வாகியிடம் வாங்கிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கதவுகளுக்குப் போடப் போகிறார்களாம். அந்த வேலைக்கு ஹெல்மர் கதவுப் பிரிவிலிருந்து ஒருவரை, ஒரே ஒருவரை, எடுக்கிறார்கள். லெனார்டையும் என்னையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து: அன்னிக்கா. குடும்பப் பெயர்கூட இல்லை. இந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் "நீ", எல்லோரும் முதற்பெயர்.

எனக்கு ஐம்பத்தொன்று. இந்த நகரத்தில் மூவாயிரம் பேர் வேலை தேடுகிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகம் எனக்கு பஸ் ஓட்டப் பழகலாம் என்று ஒரு தாள் தந்திருக்கிறது. இதை விட்டால் இனி என் வாழ்நாளில் ஒரு கதவை நான் வரையமாட்டேன்.

கடிதத்தில் ஒரு கேள்வி: "கைப்பிடியின் வடிவமைப்பில் உன் பங்கு என்ன?"

3 டிசம்பர், வெள்ளி

எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம். கைப்பிடி முழுவதும் என்னுடையது, பதினான்கு மாத உழைப்பு, லெனார்ட் ஓகேசன் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டான், வெளிநாட்டுக்காரன் என்பதால் நான் வாய் திறக்க முடியவில்லை.

பதினாறு வருடக் கோபம் இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டது. தபால் பெட்டியில் போட்டபோது உடம்பு லேசானது. வரும் வழியில் மீன் வாங்கினேன்.

5 டிசம்பர், ஞாயிறு

மதியச் சாப்பாட்டில் பவளத்திடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கறிக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லெனார்ட் உங்கட பெயரை எடுத்தவர் எண்டோ எழுதினீங்கள்?"

"பின்னை?"

"என்னப்பா சொல்லுறீங்கள்? நீங்கள்தானே வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்தனீங்கள்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? நான்தானே எழுதினது! இந்த மேசையிலை. ஆரணி வயித்துக்குள்ளை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் சுவீடிஷிலை எழுதித் தந்தனான். வடக்கிலை அந்தச் சோதனைக் காரின்ரை சாரதி கதவு திறக்காமல் நாப்பது நிமிஷம் உள்ளுக்குக் கிடந்தவன். விசாரணை எண்டவுடனை உங்களுக்குப் பயம். பொலிசிலை பதிவு வந்தால் சிற்றிசன் தரமாட்டாங்கள் எண்டு ரெண்டு நாள் சாப்பிடேல்லை நீங்கள்."

"அது வேறை விஷயம்."

"எப்பிடி வேறை விஷயம்? 'இந்த வேலையில் எனது பெயரைச் சேர்க்க வேண்டாம்.' அதுதான் முதல் வசனம். எனக்கு இண்டைக்கும் பாடம்."

"அப்ப இவ்வளவு வருஷமும் நான் அவனைத் திட்டேக்கை ஏன் சும்மா இருந்தனீர்?"

"திட்டினால் உங்களுக்கு நித்திரை வருது எண்டு விட்டிட்டன். வீட்டுக்குள்ளை திட்டுறது வீட்டோடை. இப்ப கடிதம் எல்லோ போட்டிட்டீங்கள்?"

மீன் ஆறிப்போனது.

6 டிசம்பர், திங்கள்

பவளத்துக்கு ஞாபகம் பிழை.

7 டிசம்பர், செவ்வாய்

பவளத்துக்கு ஒருபோதும் ஞாபகம் பிழைத்ததில்லை. அதுதான் அவளிடம் எனக்குள்ள முதல் குறை.

சரி. எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவன் வாங்கியிருக்கக்கூடாது. "இல்லைக் குகா, இது உன்னுடையது" என்று திருப்பித் தந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் விருந்தாளி வேண்டாம் என்றால் மூன்று தரம் வற்புறுத்துவோம். இந்த நாட்டுச் சனம் ஒரு தரம் வேண்டாம் என்றால் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த விசாரணையில் கண்டனக் கடிதம் லெனார்டுக்குத்தான் வந்தது. அது எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும்.

9 டிசம்பர், வியாழன்

அன்னிக்கா ரெலிபோன் எடுத்தாள். வேலை எனக்காம். ஜனவரி பத்தாம் திகதி தொடக்கம்.

"லெனார்டிட்டையும் கேட்டனாங்கள்," என்றாள். "நீ எழுதினது உண்மை எண்டு சொன்னார். கைப்பிடி உன்ரையாம். தன்னை விட்டிட்டு உன்னை எடுக்கச் சொன்னார்."

"பெயர் விஷயம்?"

"அதைப்பற்றி நான் கேக்கேக்கை, 'குகா எழுதினபடியே வைச்சுக்கொள்ளுங்கோ' எண்டார்."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். பவளம் ஓடிவந்து, "என்னவாம்?" என்று கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது என்றேன். அவள் சாமிப் படத்தடிக்குப் போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவு திமிர் அவனுக்கு! கள்ளன் என்று எழுதினேன். சண்டைக்கு வந்திருக்கலாம். மறுத்திருக்கலாம். அதற்குப் பதிலாக எனக்குப் பிச்சை போட்டிருக்கிறான்.

11 டிசம்பர், சனி

மதியம் லெனார்டின் வீட்டுக்குப் போனேன். இருபது வருடத்தில் முதல் தடவை. ஆற்றங்கரையில் சிவப்பு மரவீடு. வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் குத்தி வைத்தான்.

"கோப்பி?"

"உன்ர கோப்பி வேண்டாம். ஏன் ஓம் எண்டு சொன்னனீ?"

"கைப்பிடி உன்ரைதானே."

"நீ என்ர பெயரைக் களவெடுத்தாய் எண்டு எழுதினனான். அதுக்கும் ஓமோ?"

தோளை உயர்த்தினான். "எனக்கு வாற வருஷம் அறுபது. பிள்ளையள் இல்லை. உனக்கு ஆரணி படிக்கிறாள். கணக்குச் சரிதானே?"

"உன்ர இரக்கத்தைக் கொண்டுபோய் ஆத்திலை போடு!"

கத்திவிட்டேன். அடுத்த வீட்டு யன்னலில் திரை அசைந்தது. அப்போதுதான் லெனார்டின் முகம் மாறியது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. இருபது வருடத்தில் அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பதினாறு வருஷம்," என்றான். "பதினாறு வருஷம் ஒரே மேசையிலை இருந்து என்ரை முகத்தைப் பாத்து முறைச்சுக்கொண்டு பணிஸ் திண்டனீ. எனக்குத் தெரியாது எண்டு நினைச்சியோ? நீதான் வேண்டாம் எண்டு கடிதம் தந்தனீ. ஒரு பெரிய மனிசன் யோசிச்சு ஒண்டு எழுதித் தந்தால், திருப்பித் திருப்பிக் கேக்கிறது அவனைக் குழந்தை எண்டு சொல்லுற மாதிரி. அதுதான் கேக்கேல்லை. குடியுரிமை கிடைச்ச பிறகு ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'லெனார்ட், என்ர பெயரைப் போடு' எண்டு நீ கேட்டிருந்தால் அண்டைக்கே போட்டிருப்பன். அந்தப் படத்தைக் கழட்டச் சொல்லி நான் ரெண்டு தரம் கேட்டனான், தெரியுமோ உனக்கு? விளம்பரக்காரங்கள் விடேல்லை."

"நீயாக் கேட்டிருக்கவேணும்!"

"நீயாச் சொல்லியிருக்கவேணும்!"

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றோம். வாயிலிருந்து புகை. இரண்டு கிழட்டு மாடுகள் மாதிரி.

"அந்தச் சாரதிக்கு ரெண்டு விரல் நுனி மரத்துப்போச்சு," என்றான் மெதுவாக. "நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தனான். நீ வரேல்லை."

நான் காரில் ஏறி வந்துவிட்டேன்.

13 டிசம்பர், திங்கள்

இரண்டாவது கடிதம் எழுதினேன். பவளத்திடம் கொடுக்கவில்லை. என் கையாலேயே, என் பிழை மலிந்த சுவீடிஷில். கைப்பிடி நான் வரைந்தது. பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததும் நான். லெனார்ட் ஒன்றையும் எடுக்கவில்லை. என் முதல் மாதிரியில் ஒருவன் அடைபட்டான். அதற்கான கண்டனத்தை லெனார்ட் தன் பெயரில் வாங்கிக்கொண்டான். என் முதல் கடிதம் பொய்.

லெனார்டுக்காக எழுதவில்லை. அவனுடைய பிச்சையில் வேலைக்குப் போகமாட்டேன் என்பதற்காக எழுதினேன்.

தபால் பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றேன். பவளம் கூடவே வந்திருந்தாள். "போடப் போறீங்களோ, இல்லாட்டி விறைக்கப் போறமோ?" என்றாள். போட்டேன்.

21 டிசம்பர், செவ்வாய்

அன்னிக்காவின் பதில். நேர்மைக்கு நன்றி. ஆனால் எங்கள் குழுவில் ஆறு பேர்தான். சக ஊழியரைப் பற்றிப் பொய்யாக எழுதிய ஒருவரை அதில் சேர்ப்பது கடினம். வேலையை லெனார்டுக்குக் கொடுத்திருக்கிறோம். நல்ல நத்தார், புத்தாண்டு வாழ்த்துகள்.

உண்மை சொன்னதற்குப் பரிசு! பொய் சொன்னபோது வேலை தந்தார்கள். கடிதத்தைக் கிழித்தேன். பிறகு பவளம் வாசிக்கவேண்டும் என்பதற்காக ஒட்டினேன்.

லெனார்ட் ஏற்றுக்கொண்டானாம். ஒரு தரம் கேட்டார்களாம், ஓம் என்றானாம். அதுதான் இவர்களுடைய வழக்கம்.

12 ஜனவரி 2011, புதன்

பஸ் பயிற்சி தொடங்கியது. என் வகுப்பில் பதினேழு பேர். பதினொரு பேர் ஹெல்மர் ஆட்கள். பஸ்ஸின் கதவு காற்றழுத்தத்தில் திறக்கிறது. கைப்பிடியே இல்லை. பயிற்றுநரிடம் அந்தக் கதவு உறைபனியில் என்னாகும் என்று கேட்டேன். "திறக்காமல் நிக்கும்" என்றான். யாரும் அதைப்பற்றி யோசிப்பதில்லையா என்றேன். "நீ பஸ் ஓட்ட வந்தனியோ, கதவு செய்ய வந்தனியோ?" என்றான். வகுப்பில் மற்றவர்கள் சிரித்தார்கள். ஹெல்மர் ஆட்கள் பதினொரு பேரும் சிரிக்கவில்லை.

19 ஜனவரி, புதன்

பின்னேரம் ரெலிபோன். லெனார்ட்.

"ஆம்புலன்ஸ் கதவு பாரம் கூட," என்றான். வணக்கமும் இல்லை, பணிஸும் இல்லை. "தண்டின்ரை வளைவு பதினொரு பாகை எண்டு வரைபடத்திலை கிடக்கு. இந்தக் கதவுக்கு அது சரிவராது. ஏன் பதினொண்டு எண்டு எழுதேல்லை. ஏன் பதினொண்டு?"

"நீதானே வடிவமைப்பாளர். உனக்குத் தெரியாதோ?"

"தெரியாது. அதுதான் போன் எடுத்தனான்."

வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பதினொன்றுக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் சுருள்வில் களைத்துவிடும், குறைந்தால் நீர் தங்கும் என்று சொன்னேன். பாரம் கூடினால் பாகையைத் தொடாதே, தண்டைத் தடிப்பாக்கு என்றேன். அவன் எழுதிக்கொண்டான். மறுபடி கேட்டான். மடையா என்று திட்டினேன். மறுபடி சொன்னேன். முக்கால் மணி நேரம் போனது. இந்த நாட்டுக்கு வந்து அவனோடு இவ்வளவு நேரம் நான் கதைத்ததில்லை.

"புது வரைபடம் கீறப்போறன்," என்றான் கடைசியில். பிறகும் ரெலிபோனை வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. அவன் கேட்கமாட்டான். ஒரு தரம் வேண்டாம் என்றவனிடம் செத்தாலும் கேட்கமாட்டான்.

ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன். எனக்குக் காது சுட்டது.

"என்ர பெயரைப் போடு!" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்றால், குசினியிலிருந்து பவளம் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"போடுறன்," என்றான் லெனார்ட். வைத்துவிட்டான்.

"ஏன் இந்தக் கத்துக் கத்துறீங்கள்?" என்றாள் பவளம். "ஆர் போனிலை?"

"லெனார்ட்."

"அந்த மனிசனோடை இன்னும் என்ன சண்டை?"

"சண்டை இல்லை," என்றேன். "கேட்டனான்."